கூப்பிடு தூரம்

கால்பந்து கிளப்பின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்ததில், அந்த அம்மாளுக்கு ஜன்னலம்மா என்றே பேர் நிலைத்துவிட்டது. வீட்டில் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஆட்டக்காரர்கள், ரசிகர்கள், புல் வெட்டுகிறவர், எல்லோருக்கும் அவள் ஜன்னலம்மாதான்.

பழைய மைதானம் ஊருக்கு நட்டநடுவில் இருந்தது. ஒரு பக்கம் சந்தை, இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரி, நடுவில் அதை அமுக்கித் திணித்த மாதிரி இருக்கும். ஒன்பதாயிரம் பேர் உட்காரலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் எட்டாயிரம் பேர் வந்துவிடுவார்கள். மழை பெய்தால் குடையோடு வருவார்கள். அணி தோற்றுக்கொண்டே இருந்தால் திட்டிக்கொண்டே வருவார்கள்.

பிறகு புது ஸ்டேடியம் கட்டினார்கள். ஊரை விட்டுப் பதினொரு கிலோமீட்டர் தள்ளி, புறவழிச்சாலையை ஒட்டி, இருபத்திரண்டாயிரம் நாற்காலிகளோடு. முதல் ஆட்டத்துக்கு எள் விழ இடமில்லை. இரண்டாவது ஆட்டத்துக்குப் பாதி. ஆறாவது ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஐயாயிரத்து நானூறு பேர். இத்தனைக்கும் அந்த வருஷம் அணி ஜெயித்துக்கொண்டிருந்தது, பட்டியலில் மூன்றாவது இடம். கோல் போட்ட பையன் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினால், கைதட்டல் அவனிடம் வந்து சேருவதற்குள் எங்கேயோ கரைந்து போனது.

புதிதாக வந்திருந்த மேனேஜர் படித்தவர், சுறுசுறுப்பானவர். திங்கட்கிழமைக் கூட்டத்தில் வெள்ளைப் பலகையில் ஒரு கோடு போட்டார். இடது பக்கம் உயரத்தில் தொடங்கி வலது பக்கம் சறுக்குமரம் போல இறங்கியது கோடு.

"இந்தப் பக்கம் தூரம், இந்தப் பக்கம் கூட்டம். கிலோமீட்டர் கூடக் கூட ஆள் குறையும். நாம பதினொரு கிலோமீட்டர் தள்ளி வந்துட்டோம், கூட்டம் குறைஞ்சிருச்சு. இதுல மர்மம் ஒண்ணுமில்லை" என்றார்.

"அப்போ என்ன சார் பண்றது?" என்று கணக்கர் கேட்டார்.

"மேல் தளத்தை மூடிடலாம். காலி நாற்காலியாவது கண்ணுல படாம இருக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஜன்னலம்மாவுக்கு மட்டும் தலை ஆடவில்லை. போன சனிக்கிழமை அவள் ஜன்னல் முன்னால் பதினொரு பேர் கும்பலாக வந்து நின்றது ஞாபகத்துக்கு வந்தது. அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில் ஊர்க்காரர்கள். இடம் மாறின பிறகும் ஒரு ஆட்டம் விட்டதில்லை. மேனேஜரின் சறுக்குமரத்தில் அவர்களை எங்கே உட்கார வைப்பது? அவர் கணக்குப்படி அவர்கள் எப்போதோ சறுக்கித் தரையில் விழுந்திருக்க வேண்டுமே.

கூட்டம் முடிந்ததும் மேனேஜர் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சார், சீசன் பாஸ் வாங்கினவங்க மூவாயிரத்துச் சொச்சம் பேரோட விலாசம் என்கிட்ட இருக்கு. யார் வந்தாங்க, யார் வரலைன்னு கேட் மெஷின்ல இருக்கு. ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்க்கலாமா?"

"தாராளமா பாருங்க. ஆனா தூரம்தான் வரும்" என்றார் அவர்.

கிழிந்த கோல் வலைகளும் பழைய ஜெர்சிகளும் குவிந்து கிடந்த ஸ்டோர் ரூமில் ஒரு சுவர் காலியாக இருந்தது. ஊரும் சுற்றுவட்டாரமும் அடங்கிய பெரிய வரைபடம் ஒன்று வாங்கி அதில் ஒட்டினாள். ஆட்டத்துக்கு இன்னும் வருகிறவர்கள் வீட்டின் மேல் பச்சைப் பொட்டு, வருவதை நிறுத்தியவர்கள் வீட்டின் மேல் சிவப்புப் பொட்டு. மத்தியானச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு, முக்காலியில் ஏறி நின்று ஒட்டுவாள். மூன்று வாரம் பிடித்தது. சிவப்புப் பொட்டு இரண்டு தடவை தீர்ந்துபோய், ஸ்டேஷனரிக் கடைக்காரர் "அப்படி என்னம்மா ஒட்டுறீங்க?" என்று கேட்டேவிட்டார்.

முழுசாக ஒட்டி முடித்துவிட்டு எதிர்ச் சுவர் வரை பின்னால் நகர்ந்து பார்த்தாள். ஓரங்களிலெல்லாம் பச்சை. மில் ஊர் பச்சை, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்கள் பச்சை. பழைய மைதானத்தைச் சுற்றி ரத்தக்கட்டு மாதிரி சிவப்பு. ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தது. அதுவும் சிவப்பு! ஒரு பொட்டுகூடப் பச்சை இல்லை.

தூரம்தான் காரணம் என்றால் வாசலிலேயே இருக்கிறவர்களுக்கு என்ன கேடு? அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதுகூட அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

விடுமுறை நாளில் அந்தக் குடியிருப்புக்கே போய்விட்டாள். பட்டியலில் முதலாவதாக இருந்தவர் நாலாவது மாடியில் தனியாக இருக்கும் ஓய்வு பெற்ற நர்ஸம்மா. கதவைத் திறந்தவர், விஷயத்தைக் கேட்டதும், "வாங்க வாங்க, ஸ்டேடியத்தைக் காட்டறேன்" என்று பால்கனிக்குக் கூட்டிப் போனார்.

கீழே ஆறு வழிச் சாலை. அதற்கு அந்தப் பக்கம் ஸ்டேடியம், கூப்பிடு தூரம். சுவரில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். இரண்டு கேலரிகளுக்கு நடுவிலிருந்த சந்தில் மைதானத்தின் ஒரு மூலையும் அதில் நட்ட சிறு கொடியும் தெரிந்தன.

"அந்த மூலையில கார்னர் கிக் அடிச்சா நேர்ல பார்த்துடுவேன். மத்த மூணு மூலைக்கும் ரேடியோ" என்றார் நர்ஸம்மா.

"இவ்வளவு பக்கத்துல இருந்துட்டு வரமாட்டேங்கறீங்களே?"

"எப்படி வர்றது? நடுவுல ஆறு ஓடினாக்கூட படகு பிடிச்சு வந்துடுவேன். இந்த ரோட்டை எதுல கடக்கிறது? ஸ்டேடியம் வரப்போகுதுன்னதும் இந்தக் கட்டடத்துலயே முதல் பாஸ் நான்தான் வாங்கினேன். முதல் நாள் கிளம்பிப் போய்ப் பார்த்தா, கடக்க வழியே இல்லை. சுரங்கப்பாதை எங்கேயோ இருக்காம்."

அந்த 'எங்கேயோ' எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் ஜன்னலம்மாவால் வீட்டுக்குப் போக முடியவில்லை. மணி பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நடைபாதை கிடையாது. லாரிகள் புடவையை இழுத்துக்கொண்டு போயின. இரண்டரைக் கிலோமீட்டர் போனபின் ஒரு சுரங்கப்பாதை, உள்ளே கணுக்கால் தண்ணீர். கடந்து அந்தப் பக்கம் ஏறி, அதே இரண்டரைக் கிலோமீட்டர் திரும்பி வந்து ஸ்டேடியம் கேட்டைத் தொட்டபோது ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. இடது குதிகாலில் கொப்புளம். நிமிர்ந்து பார்த்தால் எதிரே நாலாவது மாடி பால்கனியில் நர்ஸம்மா துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார். இவளும் கையை ஆட்டினாள்.

சரி, ஒரு முடிச்சு அவிழ்ந்தது. பக்கத்தில் இருப்பது வேறு, போய்ச் சேருவது வேறு.

அடுத்த சனிக்கிழமை மில் ஊர்க்காரர்கள் ஜன்னலுக்கு வந்ததும், டிக்கெட்டைக் கொடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கெல்லாம் தூரமாவே இல்லையா?"

அவர்களில் தடியாக இருந்தவர் சிரித்தார். "வேன்ல ஏறினதுமே எங்களுக்கு ஆட்டம் ஆரம்பிச்சுடும்மா. யார் ஆடணும், யாரை உட்கார வைக்கணும்னு வழி பூரா சண்டை. இன்னும் ஒரு பத்து கிலோமீட்டர் இருந்தாக்கூட தேவலை, இன்னைக்குச் சண்டையே முடியலை."

"ஒவ்வொரு தடவையும் யார் எல்லாரையும் கூப்பிடறது?"

"யாரும் கூப்பிடறதில்லை. பன்னிரண்டு மணிக்கு மில் வாசல்ல வேன் நிக்கும். வராதவனை வீட்டுக்குப் போய் இழுத்துட்டு வருவோம். டிக்கெட் குடுங்கம்மா, பின்னாடி வரிசை நிக்குது!"

இனி மிச்சம் இருந்தது பழைய மைதானத்தைச் சுற்றின சிவப்பு. அதில் ஒரு பொட்டை ஒட்டும்போது ஜன்னலம்மாவுக்குக் கை தயங்கியிருந்தது. அது அவள் அக்கா வீடு.

அக்கா தையல்காரி. பழைய மைதானத்தின் வடக்கு வாசலுக்கு மூன்றாவது தெரு. ஆட்டத்தில் அவள் கத்துகிற கத்தலுக்கு நடுவரே ஒருமுறை திரும்பிப் பார்த்து முறைத்திருக்கிறார். அப்பேர்ப்பட்டவள் ஏழு மாதமாக ஸ்டேடியம் பக்கம் தலைகாட்டவில்லை.

"தூரம்டி" என்றாள் அக்கா, தையல் மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நூல் வாங்கப் பதினஞ்சு கிலோமீட்டர் போறியே?"

"அது வேலை."

"போன மாசம் மகளுக்கு உடம்பு சரியில்லைன்னு தினம் ரெண்டு பஸ் மாறிப் போனியே?"

"அது பெத்த பொண்ணு."

"அப்போ இது என்ன?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேக்காதே. தூரம்னா தூரம்தான். டீ குடிக்கிறியா, மாட்டியா?"

டீயைக் குடித்தாள். பதிலை நம்பவில்லை. அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு, பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக, ஆட்ட நாளில் லீவு எழுதிக் கொடுத்தாள். ஜன்னலில் வேறு ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டு, அக்கா வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

ஆட்டம் நாலு மணிக்கு. இரண்டரை வரை தெரு காலியாக இருந்தது. மூன்று மணிக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நாம் ஒரு மடச்சி என்று அவள் நினைக்க ஆரம்பித்த சமயம், மூன்றேகால் இருக்கும், எதிர்ப்பக்கத்துச் சலூன்காரர் துண்டை உதறிவிட்டு வெளியே வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார். நாலு வீடு தள்ளி, ரிட்டயர்டான தபால்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெயிண்ட் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து நடைபாதைக்கு வந்தார். மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. யாரும் யாரிடமும் பேசவில்லை. இரண்டு மூன்று நிமிஷம் அப்படியே நின்றார்கள். பிறகு சலூன்காரர் ஷட்டரை மறுபடி தூக்கினார். தபால்காரர் செருப்பைக் கழற்றினார். மாடி ஜன்னல் சாத்திக்கொண்டது.

ஜன்னலம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. மூன்றேகால் என்பது பழைய மைதானத்துக்கு நடந்து கிளம்பும் நேரம்! ஸ்டேடியம் ஊரைத் தாண்டிப் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. இந்தத் தெருவின் கால்களுக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை.

எழுந்து ஓடிப்போய்ச் சலூன்காரரைப் பிடித்தாள்.

"எதுக்கு வெளியில வந்தீங்க?"

"சும்மா, காத்து வாங்க."

"ஷட்டரை இறக்கிட்டா காத்து வாங்குவாங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "தபால்காரர் கிளம்பினா நானும் போகலாம்னு பார்ப்பேன். அவர் கிளம்பறதில்லை. தனியா யார் போறது?"

தபால்காரர் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "நல்லா இருக்குய்யா கதை! நீ கடையைச் சாத்தினா நான் வரலாம்னுதானே நான் வாசலுக்கே வர்றேன்! நீதான் திரும்பத் திறந்துடறியே!"

பெயிண்ட் கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் ஆட்டத்தையே விட்டுட்டீங்கன்னு இல்ல நான் நினைச்சேன்."

ஜன்னலம்மா திரும்பினாள். அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கழுத்தில் அளவு நாடா தொங்க.

"நீயும் இவங்களைத்தான் பார்த்துட்டு இருந்தியா?"

"முன்னெல்லாம் இவங்க கத்திட்டே போவாங்க, நான் மெஷினை நிறுத்திட்டுக் கூடவே போயிடுவேன்" என்றாள் அக்கா. "கிளம்பணும்னு உட்கார்ந்து யோசிச்சதே இல்லை. இப்போ யோசிக்க வேண்டியிருக்கு. யோசிச்சா வேலைதான் ஞாபகம் வருது."

"யோசிச்சது போதும். செருப்பைப் போடு" என்றாள் தங்கை.

ஏழு பேர் கிளம்பினார்கள். ஒரு பஸ், இறங்கி இருபத்தைந்து நிமிஷக் காத்திருப்பு, இன்னொரு பஸ். போய்ச் சேர்ந்தபோது முதல் பாதி முடிய நாலு நிமிஷம் பாக்கி. ஆனாலும் அக்காவின் குரல் ஏழு மாத வட்டியோடு வெளியே வந்தது. ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது, இன்னும் பத்து நிமிஷம் பாக்கி என்கிற நிலையில், சலூன்காரர் மணியைக் காட்டினார். ஊருக்கு நேராகப் போகும் கடைசி பஸ் ஐந்தே முக்காலுக்கு. அதை விட்டால் மூன்று பஸ் மாற வேண்டும். ஓடிப்போய் ஏறினார்கள். பஸ் வளைவில் திரும்பும்போது பின்னால் ஸ்டேடியம் மொத்தமும் எழுந்து கத்தியது கேட்டது.

"கோல்!" என்றார் தபால்காரர்.

"தெரியுது" என்றாள் அக்கா, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. "நம்ம கோலை நான் பஸ்ல நின்னு காதால பார்க்கிறேன். இனிமே என்னைக் கூப்பிட்டே, பார்த்துக்கோ."

திங்கட்கிழமை ஜன்னலம்மா மேனேஜரை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப் போய்ச் சுவர் முன்னால் நிறுத்தினாள்.  அவர் சட்டைப்பையிலிருந்து மடக்கு ஸ்கேலை எடுத்து எங்கெங்கோ வைத்து அளந்தார். கடைசியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் விரலை வைத்து, "இது ஏன் இங்க சிவப்பா இருக்கு?" என்றார்.

அவள் சொன்னாள். கொப்புளத்தையும் சேர்த்தே சொன்னாள். பிறகு மில் வாசல் வேன், மூன்றேகால் மணித் தெரு, ஐந்தே முக்கால் பஸ், ஒன்று விடாமல்.

"தூரத்துல இருக்கிறவங்க ஒவ்வொரு தடவையும் திட்டம் போட்டுத்தான் சார் வந்துட்டிருந்தாங்க. அவங்களுக்குப் பதினொரு கிலோமீட்டர் கூடினா ஒண்ணும் ஆகலை. பக்கத்துல இருந்தவங்க திட்டம் போட்டே பழக்கமில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கிளம்பினவங்க அவங்க."

மேனேஜர் ஸ்கேலை மடக்கினார். "அப்போ என் கோடு தப்பா?"

"தப்புன்னு சொல்லலை. கோட்டை நீங்க நம்ம கேட்லேருந்து போட்டிருக்கீங்க. அவங்க வீட்டு வாசல்லேருந்து போட்டா வேற மாதிரி வரும்."

அவருக்கு அது பிடித்துப்போனது என்று முகத்தில் தெரிந்தது. மூன்று ஆட்டத்துக்கு மட்டும், சோதனையாக, ஒரு வாடகை பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்தார். பழைய மைதானத்தின் வடக்கு வாசலில் மூன்றேகாலுக்குக் கிளம்ப வேண்டும், ஆட்டம் முடிந்து விசில் ஊதின பிறகுதான் திரும்ப வேண்டும் என்பது ஜன்னலம்மாவின் நிபந்தனை. மாறாமல் நேராகப் போனால் நாற்பது நிமிஷம்தான்.

லீவு நாளில் உட்கார வைத்த பெண்ணிடமே ஜன்னலை விட்டுவிட்டு, ஜன்னலம்மாவும் பஸ்ஸோடு போனாள். முதல் நாள் இருபத்து மூன்று பேர் ஏறினார்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு ஐம்பத்தொரு பேர், பாதிப் பேர் நின்றுகொண்டு. அன்றைக்குத்தான் ஜன்னலம்மா மெல்லப் பேச்சை எடுத்தாள்: சுரங்கப்பாதை வழியாகச் சுற்றிப் போனால் அடுக்குமாடிக்காரர்களையும் ஏற்றிக்கொள்ளலாம், எட்டு நிமிஷம் கூடுதல்.

பஸ் கொந்தளித்தது. "முதல் கோல் போயிடும்!" என்றார் சலூன்காரர். "அவங்களுக்குன்னு தனி பஸ் விடச் சொல்லுங்க!" என்றது பின் சீட்.

அக்கா எழுந்து நின்றாள். "ஏழு மாசம் வாசல்ல நின்னு தெருவைப் பார்த்துட்டு உள்ளே போனோமே, அப்போ எட்டு நிமிஷம் யாருக்கும் பெரிசாத் தெரியலையா? மூணு ஏழுக்குக் கிளம்புவோம். ஷட்டரை எட்டு நிமிஷம் முன்னாடி இறக்கினா உங்க கத்திரிக்கோல் கோவிச்சுக்குமா?"

"சரிம்மா, இறக்கிடறேன்" என்றார் சலூன்காரர். மூன்றாவது ஆட்டத்துக்கு அடுக்குமாடி வாசலில் நர்ஸம்மாவோடு நாலு பேர் நின்றார்கள். அன்றைக்கு மழை. அப்படியும் கூட்டம் கொள்ளாமல் இரண்டாவது பஸ் ஒன்றைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

மேனேஜரும் ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தோடு பஸ்ஸில் வந்தார். யார் எந்த வாசலில் ஏறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளத்தான் வந்தார். ஆனால் நடு முன்களத்தில் ஏன் அந்தச் சோம்பேறியை இன்னும் ஆட வைக்கிறீர்கள் என்று நாற்பது பேர் அவரைச் சூழ்ந்துகொண்டதில், நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே முடியவில்லை. இறங்கும்போது அவர் சட்டை கசங்கியிருந்தது. முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. வேறு மூன்று பேட்டைகளிலிருந்தும் பஸ் விட உத்தரவு போட்டார்.

சீசன் முடிகையில் கூட்டம் ஏழாயிரத்தைத் தொட்டது. பழைய எட்டாயிரம் திரும்பவில்லை. சிலர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் இறந்தே போயிருந்தார். மகன் பாஸை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருந்தான், ஏன் என்று கேட்டதற்கு அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. சாலையைக் கடக்க மேம்பாலம் கேட்டுக் கிளப் எழுதிய கடிதத்துக்கு, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

பெயிண்ட் கடைக்காரர் விஷயம்தான் ஜன்னலம்மாவுக்குப் புரியவில்லை. பஸ் விட்ட முதல் நாளிலிருந்து அவர் ஒரு வாரம்கூடத் தவறாமல் வடக்கு வாசலுக்கு வந்துவிடுவார். எல்லோரோடும் சேர்ந்து தெருவிலிருந்து கத்திக்கொண்டே நடந்து வருவார், வாக்குவாதம் செய்வார், பஸ் வந்ததும் எல்லோரையும் ஏற்றிவிடுவார். அவர் மட்டும் ஏற மாட்டார்.

கடைசி ஆட்டத்தன்று அவள் கேட்டேவிட்டாள். "உங்களுக்கு என்ன கஷ்டம்? இடம் இருக்கு, பஸ் நேராப் போகுது. ஏன் வர்றதில்லை?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "அன்னைக்கு உங்களோட வந்து பார்த்தேனே, அப்போதான் ஒண்ணு தெரிஞ்சுது. ஆட்டம் எனக்கு அவ்வளவாப் பிடிக்கலை. முப்பது வருஷமா பிடிச்சதா நினைச்சுட்டிருந்தேன். பிடிச்சது இந்த நடை மட்டும்தான் போல."

"இது எப்போ தெரிஞ்சுது, முதல் பாதியிலயா, ரெண்டாவது பாதியிலயா?" என்று அவள் கேட்க வாயெடுத்தாள். டிரைவர் ஹாரனை அழுத்தினார். அக்கா உள்ளேயிருந்து அவள் பெயரைச் சொல்லி, வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி, தெருவே கேட்கும்படி கத்தினாள். அவள் படியில் ஏறிக்கொண்டாள். பெயிண்ட் கடைக்காரர் ஜன்னலைத் தட்டி, "ஜெயிச்சுட்டு வாங்க!" என்றார்.